மேசை மேல் ராயபுரம்!

சாவி கொடுத்தால் ஓடும் ரயில், பேட்டரி போட்டால் ஓடும் ரயில் என்று ஏதாவது ஒரு பொம்மை ரயில் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். வட்டமாகத் தண்டவாளத்தை மாட்டி, ஸ்விட்சைத் தட்டினால் விர்ரென்று சுற்றும். பத்து சுற்று வரை வேடிக்கை பார்ப்பீர்கள். பதினோராவது சுற்றில் கண் 'டிவி' பக்கம் போய்விடும். அப்புறம் அந்த ரயில் பரணுக்குப் போய்விடும்.

ஆனால் பிள்ளைகளே, ஏறக்குறைய அதே அளவு ரயிலை வைத்துக் கொண்டு, ஐம்பது, அறுபது வயதுப் பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் விளையாடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? அவர்களுக்கு அலுப்பதே இல்லை. காரணம் எளியது. அவர்கள் ரயிலைச் சுற்ற விடுவதில்லை, வேலை வாங்குகிறார்கள். அவர்களுடைய ரயிலுக்குப் புறப்படும் நேரம் உண்டு. ஏற்ற வேண்டிய சரக்கு உண்டு. குடிக்கத் தண்ணீர் வேண்டும். கைகாட்டி இறங்கும் வரை காத்து நிற்கவும் வேண்டும். இதற்குத்தான் 'மாதிரி ரயில் பாதை' என்று பெயர்.

ஜெர்மனியில் மார்க்லின் என்ற பொம்மை நிறுவனம், 1891ம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில், தண்டவாளத்தோடு கூடிய சாவி ரயிலை எட்டு வடிவப் பாதையில் ஓட விட்டுக் காட்டியது. அன்று தொடங்கிய ஆசை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001ல் திறக்கப்பட்ட மாதிரி ரயில் கண்காட்சிதான் இன்று உலகிலேயே பெரியது. நம் நாட்டிலும் ஒன்று இருக்கிறது. புனே நகரின் கோத்ரூட் பகுதியில், ஜோஷி என்ற ரயில் பிரியர் உருவாக்கி, 1998ல் திறக்கப்பட்ட குட்டி ரயில் அருங்காட்சியகம் அது. நீராவி ரயில் முதல் அதிவேக ரயில் வரை, மேம்பாலம், சிக்னல், தெருவிளக்கு என ஒரு முழு நகரமே அங்கே அறைக்குள் இயங்குகிறது.

நாம் புனேவுக்குப் போக வேண்டாம். வடசென்னையிலேயே நமக்கு ஓர் அருமையான இடம் இருக்கிறது.

ஏன் ராயபுரம்?

ராயபுரம் ரயில் நிலையத்தின் உயரமான தூண்களைப் பார்த்திருக்கிறீர்களா? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது அங்கிருந்துதான். 1856 ஜூலை 1ல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. தூரம் சுமார் 100 கி.மீ. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் ஹாரிஸ் பிரபு. அந்த ரயிலின் பெட்டிகளைச் செய்து கொடுத்தது சென்னையில் குதிரை வண்டிகள் செய்து வந்த சிம்சன் நிறுவனம். வண்டி செய்தவர்களிடமே ரயில் பெட்டியும் செய்யச் சொன்னது பொருத்தம்தானே!

மும்பையில் 1853லும், கொல்கத்தா பக்கம் ஹவுராவில் 1854லும் ரயில் வந்துவிட்டது. ஆனால், அங்கே முதல் ரயில் புறப்பட்ட அந்தப் பழைய நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரம் கட்டடம் நிற்கிறது. 2005ல் அதைப் புதுப்பித்தார்கள். அதனால், மாதிரி செய்ய ஆசைப்படுகிறவர் பழைய படங்களைத் தேடி அலைய வேண்டாம். நேரே போய், நடைமேடையில் இருந்தபடியே பார்த்து, தூண்களை எண்ணி, நோட்டில் படம் வரைந்து கொண்டு வரலாம். பெரியவர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். தண்டவாளத்தில் இறங்கவே கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்து ரயில் பெட்டிகள் குட்டையானவை. பெட்டிக்கு நான்கே சக்கரங்கள். இன்ஜினும் சிறியது. இப்போதுள்ள 24 பெட்டி எக்ஸ்பிரஸ் ரயிலை மாதிரி செய்தால் என்ன ஆகும் என்பதைச் சற்று நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேசை போதாது!

முதலில் ஆண்டைச் சொல்லுங்கள்

மாதிரி ரயில் அமைப்பவர்களிடம் போய், 'நான் ராயபுரம் செய்யப் போகிறேன்' என்று சொன்னால், அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: 'எந்த ஆண்டு ராயபுரம்?'

இது வீண் கேள்வி இல்லை. 1856ஆம் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால், அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கி வரும். ஆகவே உங்கள் மேசையில் மணலும் படகும் இருக்க வேண்டும்; கிரேன் இருந்தால் தப்பு. துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டியது 1875ல். கட்டி முடிக்கும் நேரத்தில், 1881ல் வந்த புயல் அதைச் சிதைத்துவிட்டது. மறுபடி கட்டினார்கள். அதற்குள் 1873ல் சென்ட்ரல் நிலையமும் வந்துவிட்டது. 1920 என்று வைத்துக் கொண்டால் துறைமுகம், சரக்கு வேகன்கள், கிட்டங்கிகள் எல்லாம் வைக்கலாம். 1931க்குப் பிறகு என்றால் பக்கத்து கடற்கரை நிலையத்தில் மின்சார ரயிலே வந்துவிட்டது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே அந்த ஆண்டில்தான் அது ஓடத் தொடங்கியது.

பார்த்தீர்களா? சரித்திரப் பாடத்தில் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய அழுகிற பிள்ளைகூட, மேசையில் கிரேன் வைக்கலாமா, கூடாதா என்ற சண்டை வந்தால் 1875ஐ மறக்கவே மறக்காது.

87ஆல் வகுங்கள்

மாதிரி ரயிலில் பல அளவுகள் உண்டு. உலகில் அதிகம் பேர் பயன்படுத்துவது 'ஹெச்.ஓ.' என்ற அளவு. நிஜப் பொருளின் நீளத்தை 87ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் வந்துவிடும். பென்சிலை எடுங்கள்.

ஆறடி மனிதர், அதாவது சுமார் 183 செ.மீ. உயரமானவர், மேசை மேல் 2.1 செ.மீ. உயரம்தான் இருப்பார். உங்கள் சுண்டுவிரல் நுனி அளவு! இப்போது ஓடும் நம் ஐ.சி.எப். பெட்டி ஒன்றின் நீளம் 21 மீட்டருக்கு மேல். மாதிரியில் ஏறக்குறைய 25 செ.மீ. அப்படியானால் 24 பெட்டி எக்ஸ்பிரஸ்? ஆறு மீட்டர்! வாசலில் தொடங்கிக் கொல்லைப்புறம் வரை போகும். பழைய நான்கு சக்கர வண்டி சுமார் ஏழு மீட்டர் நீளம் என்றால், மாதிரியில் எட்டு செ.மீ. தான். ஐந்து பெட்டி கோத்தாலும் அரை மீட்டருக்குள் அடங்கும். நீராவிக் காலம் சின்ன வீட்டுக்காரர்களுக்கு ஏற்ற காலம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். நம் நாட்டு அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ. இருக்கும். 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். ஆனால் கடையில் விற்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம்தான். ஏனென்றால், அது ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்காகச் செய்தது. நம் ரயிலை அதில் வைத்தால், ஏறக்குறைய மூன்று மி.மீ. ஏமாற்று வேலை இருக்கும். பெரும்பாலானோர் கண்டுகொள்வதில்லை. சிலர் மட்டும் விடாப்பிடியாகச் சரியான அகலத்தில் தாங்களே தண்டவாளம் செய்கிறார்கள். அவர்களுடைய பிடிவாதம் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் உங்களுக்கு அது இப்போது வேண்டாம்.

வாலாஜா ரோடு எங்கே?

ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு 100 கி.மீ. 87ஆல் வகுத்தால் 1,149 மீட்டர். மாதிரி உலகத்திலும் ஒரு கிலோ மீட்டருக்கு மேல்! தெருவையே வாடகைக்கு எடுத்தாலும் போதாது. என்ன செய்வது?

தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். ராஜா திரைக்குப் பின்னால் இருந்து வருவார். 'அஸ்தினாபுரத்தில் இருந்து வருகிறேன்' என்பார். நாமும் நம்பி விடுவோம். திரைக்குப் பின்னால் அஸ்தினாபுரம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை. மாதிரி ரயில்காரர்கள் செய்வதும் இதே தந்திரம்தான். மேசையின் ஒரு பக்கம் ராயபுரம். மறுபக்கம் ஒரு அட்டைத் தடுப்பு. அதில் மரமோ, மேம்பாலமோ வரைந்திருக்கும். அதில் உள்ள துளை வழியாக ரயில் உள்ளே போய்விடும். தடுப்புக்குப் பின்னால் நாலைந்து பாதைகள். திருவள்ளூர், அரக்கோணம், வாலாஜா ரோடு எல்லாம் அங்கேதான் 'இருக்கின்றன'. ரயில் சிறிது நேரம் அங்கே ஓய்வெடுத்து, வேறு பெட்டிகளைக் கோத்துக் கொண்டு, 'வாலாஜா ரோடில் இருந்து வருகிறேன்' என்று திரும்பி வரும்.

வட்டப் பாதை இல்லாமலேயே உலகம் முழுவதையும் அடக்கிவிட்டோம்.

எத்தனை வேகம்?

பொம்மை ரயில் ஒரு வினாடியில் ஒரு மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நிஜத்தில் அது 87 மீட்டர். மணிக்கு எவ்வளவு? 87ஐ 3,600ஆல் பெருக்குங்கள். 313 கி.மீ.! கரி இன்ஜின் புல்லட் ரயிலாகிவிட்டது. தடம் புரளாமல் என்ன செய்யும்?

பழைய ரயில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போவதாகக் காட்ட வேண்டுமானால், மாதிரி ரயில் ஒரு வினாடியில் 10 செ.மீ.க்கும் சற்றுக் குறைவாகவே நகர வேண்டும். உங்கள் 30 செ.மீ. ஸ்கேலைப் பாதையின் ஓரம் வையுங்கள். 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்போதுதான் இன்ஜின் ஸ்கேலின் மறுமுனைக்கு வர வேண்டும். மெதுவாக ஓட்டுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். சைக்கிளை மெதுவாக ஓட்டும் போட்டியில் கலந்து கொண்டவர்களைக் கேளுங்கள்.

கூடவே 'குப் குப்' சத்தமும் சரியாக வர வேண்டும். நீராவி இன்ஜினில் பொதுவாக இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் பிஸ்டன் முன்னே போகும்போது ஒரு முறையும், பின்னே வரும்போது ஒரு முறையும் வேலை செய்த நீராவி புகைபோக்கி வழியே வெளியேறும். ஆகவே பெரிய சக்கரம் ஒரு முறை சுற்றினால் நான்கு 'குப்'. விலை உயர்ந்த மாதிரி இன்ஜின்களில் இதற்கென்றே சிறிய ஒலிக் கருவி வைக்கிறார்கள். நமக்கு வாய் இருக்கிறது.

இன்ஜினுக்குப் பசிக்கும்

மின்சார ரயிலுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கும். கடைசி நிலையம் வந்தால், ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்து போய் ஏறிக்கொள்வார். வேலை முடிந்தது. நீராவி இன்ஜினுக்கு அது ஆகாது. அதனால்தான் மாதிரி ரயிலுக்கு நீராவிக் காலம் இனிக்கிறது.

ராயபுரம் மேசைக்கு ரயில் வந்துவிட்டது. இன்ஜின் முன்னால் இருக்கிறது; அதற்கு முன்னால் பாதை முடிகிறது. திரும்பிப் போவது எப்படி? பெட்டிகளைக் கழற்ற வேண்டும். இன்ஜின் சற்று முன்னே போய், பக்கத்துப் பாதைக்கு மாறி, பெட்டிகளைக் கடந்து, மறுபடி இந்தப் பாதைக்கு வந்து, ரயிலின் மறுமுனையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் தண்ணீர் பிடிக்க வேண்டும். கரி நிரப்ப வேண்டும். நெருப்புப் பெட்டியின் சாம்பலைக் குழியில் தள்ள வேண்டும். பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் 'டெண்டர்' வண்டி உள்ள இன்ஜின் என்றால், அதைத் திருப்பு மேடையில் நிறுத்தி ஆட்கள் தள்ளித் திருப்புவார்கள். பின்னோக்கி ஓட்டினால் டெண்டர் பார்வையை மறைக்கும் அல்லவா?

டெண்டர் இல்லாத இன்ஜினும் உண்டு. 1855ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த 'இ.ஐ.ஆர். 21' அப்படிப்பட்டது. கரியையும் தண்ணீரையும் தன் உடம்பிலேயே சுமக்கும். பல ஆண்டுகள் காட்சிப் பொருளாகச் சும்மா நின்ற அந்த இன்ஜினை, 2010ல் நம் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் சீர்செய்து, மீண்டும் ஓட வைத்தார்கள். அதற்கு முன்பே அதன் சகோதரியான 'பேரி குயின்' இன்ஜினையும் ஓட வைத்தது அதே பணிமனைதான். மாதிரி ராயபுரத்துக்கு இன்ஜின் தேர்ந்தெடுப்பதானால், என் ஓட்டு 21க்குத்தான். நடுவில் இரு பெரிய சக்கரங்கள், முன்னும் பின்னும் சிறிய சக்கரங்கள், நெட்டையான புகைபோக்கி... வரைவதற்கும் சுலபம்.

இன்னும் பல வகைக் கரி இன்ஜின்களைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் காண ஆசையா? பெரம்பூர் ஐ.சி.எப். பகுதியில் 2002ல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். அங்கே இன்ஜின்கள் அசையாமல் நிற்கும். உருவம் தெரியும், அவை செய்த வேலை தெரியாது. அந்த வேலையின் வரிசையைத்தான் நாம் மேசை மேல் நடத்திப் பார்க்கிறோம்.

கோலிக்குண்டு இருந்தால் போகலாம்

நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு மழைநாளில் பிள்ளைகளை வெளியே விட முடியவில்லை. பள்ளித் தாழ்வாரத்தில் சாக்பீசால் ஒற்றைப் பாதை வரைந்தோம். இந்தக் கோடியில் ராயபுரம், அந்தக் கோடியில் எண்ணூர், நடுவில் திருவொற்றியூர். தீப்பெட்டிகளை நூலில் கோத்து ரயில். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கொண்டார்கள். ஐந்து நிமிடம் ஆகவில்லை, 'டமால்!' இரண்டு ரயில்களும் நேருக்கு நேர். 'நான்தான் முதலில் புறப்பட்டேன்' என்று இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக் கொண்டார்கள்.

தீப்பெட்டி மோதினால் சிரிக்கலாம். நிஜ ரயில் மோதினால்? ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வராமல் தடுப்பது எப்படி என்பது, ரயில் வந்த நாளில் இருந்தே பெரிய கேள்வி. அதற்குக் கண்டுபிடித்த விடைகளில் ஒன்றுதான் இரும்புக் குண்டு.

இரண்டு நிலையங்களிலும் இரண்டு இயந்திரங்கள் இருக்கும். அவை கம்பி வழியாக மின்சாரத்தால் இணைந்தவை. உள்ளே, ஊர்ப் பெயர் பொறித்த இரும்புக் குண்டுகள் இருக்கும். அடுத்த நிலைய அதிகாரி சம்மதம் கொடுத்தால்தான் இந்த நிலையத்தில் ஒரு குண்டு வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அதை மறுபடி இயந்திரத்துக்குள் போடும் வரை, இரு நிலையத்திலும் இன்னொரு குண்டு வரவே வராது. அந்தக் குண்டைத் தோல்பையில் போட்டு, வளையத்தில் கட்டி ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். குண்டு கையில் இருந்தால்தான் அவர் புறப்படலாம். பாதையில் ஒரே ஒரு குண்டு என்றால் ஒரே ஒரு ரயில்தான். 1856ல் இந்த இயந்திரம் கிடையாது; பின்னாளில் வந்தது. நம் நாட்டில் ஏராளமான நிலையங்களில் இருந்தது. உங்கள் தாத்தா, பாட்டியைக் கேட்டால், ஓடும் ரயிலில் இருந்து வளையத்தை மாற்றிக் கொள்வதைப் பார்த்த கதையைச் சொல்வார்கள்.

அன்று ஒரு பையனின் டவுசர் பையில் இருந்து ஒரு கோலிக்குண்டை வாங்கினோம். கோலி யார் கையில் இருக்கிறதோ அவர் ரயில் மட்டும் ஓடும். அதன் பிறகு மணி அடிக்கும் வரை ஒரு மோதல்கூட இல்லை. திருவொற்றியூரில் கோலியை மாற்றிக் கொள்ள ஒரு பெண் தானாகவே ஸ்டேஷன் மாஸ்டராகிவிட்டாள். யார் எவ்வளவு கெஞ்சியும் அவள் சட்டத்தை மீறவில்லை. உண்மையான ஸ்டேஷன் மாஸ்டரும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இறங்கினால் புறப்படு

'கைகாட்டி இறங்கிட்டுது, வண்டி வரப் போகுது' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கம்பத்தின் உச்சியில் சிவப்புக் கை நேராக நீட்டிக் கொண்டிருந்தால், 'நில்'. சாய்ந்து இறங்கினால், 'போ'. தொலைவில் கேபினில் ஒருவர் நெம்புகோலை இழுப்பார். நீளக் கம்பி வழியாக இங்கே கை இறங்கும்.

இப்போது யோசியுங்கள். நடுவழியில் அந்தக் கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? கை தானாக இறங்கி, 'போ' என்று பொய் சொல்லிவிட்டால் ஆபத்து. அதனால், கம்பத்தில் ஒரு எடைக்கட்டி வைத்தார்கள். கம்பி அறுந்தால் அந்த எடை கையை மேலே தூக்கி, 'நில்' என்றே காட்டும். பழுதானால் ரயில் நிற்க வேண்டுமே தவிர, ஓடக் கூடாது. இந்த ஒரு யோசனை எத்தனை உயிர்களைக் காத்திருக்கும்!

ஐஸ்குச்சியில் செய்து பாருங்கள். ஒரு குச்சி கம்பம். இன்னொரு குச்சி கை. அதன் ஒரு முனைக்கு அருகே குண்டூசியால் கம்பத்தில் குத்துங்கள். குட்டைப் பக்கத்து நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டுங்கள். நீளப் பக்கம் மேலே தூக்கிக் கொள்ளும். நேராக நிற்கும் இடத்தில், அதற்கு மேல் போகாதபடி இன்னொரு ஊசியைத் தடுப்பாகக் குத்துங்கள். நீளப் பக்கத்தில் நூல் கட்டிக் கீழே இழுத்தால் கை இறங்கும். கத்தரிக்கோலால் நூலை வெட்டிப் பாருங்கள். என்ன நடக்கிறது?

உப்புக் காற்றும் ஒரு எச்சரிக்கையும்

கடையில் வாங்கிய மின்சார மாதிரி ரயில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. தண்டவாளத்தின் வழியாகத்தான் இன்ஜினுக்கு மின்சாரம் போகிறது. அழுக்குப் படிந்தால் ரயில் திக்கித் திணறும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் உப்பு. லாரித் தூசியும் சேர்ந்து கொள்ளும். ஓட்டுவதற்கு முன் மெல்லிய துணியால் தண்டவாளத்தைத் துடையுங்கள். ஓட்டி முடித்ததும் துணி போட்டு மூடுங்கள்.

மாதிரி ரயிலுக்கு வேண்டியது 12 வோல்ட்தான். அதுவும் அதற்கென்று விற்கும் மின்மாற்றி வழியாகத்தான் வர வேண்டும். வீட்டுச் சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட். அதில் இருந்து தண்டவாளத்துக்கு ஒயர் இழுக்கும் சோதனை எதையும் யாரும் செய்யக் கூடாது. உயிர் போய்விடும். மின்மாற்றியை வீட்டுப் பெரியவர்களே மாட்டட்டும்.

எட்டு தீப்பெட்டிப் புதிர்

மின்சாரமும் வேண்டாம், காசும் வேண்டாம் என்பவர்களுக்கு இது. துறைமுகத்துக்குப் போகும் வேகன்களைக் கேட்ட வரிசையில் அடுக்கும் வேலைக்கு 'ஷண்டிங்' என்று பெயர். தண்டையார்பேட்டை யார்டு பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. இங்கிலாந்து மாதிரி ரயில்காரர்கள் விளையாடும் ஷண்டிங் புதிர் ஒன்றை நம் தரைக்கு ஏற்றபடி சொல்கிறேன்.

சாக்பீசால் இடப்புறம் ஒரு தலைப்பாதை வரையுங்கள். நான்கு தீப்பெட்டி நீளம்தான் இருக்க வேண்டும். அதன் வலது முனையில் இருந்து மூன்று கிளைகள் பிரியட்டும். பிரியும் இடத்தைத் தாண்டியபின் முதல் கிளையில் ஐந்து பெட்டிக்கு இடம்; மற்ற இரண்டிலும் மும்மூன்று பெட்டிக்கு இடம். எட்டு தீப்பெட்டிகளில் நெல், நிலக்கடலை, தோல், பஞ்சு, உப்பு, கருவாடு, மரம், கரி என்று எழுதுங்கள். ஐந்தை நீளக் கிளையிலும், மூன்றை ஒரு குட்டைக் கிளையிலும் நிறுத்துங்கள். ஒன்பதாவது தீப்பெட்டி இன்ஜின். அது எப்போதும் இடது முனையில்தான் இருக்கும். தலைப்பாதையில் இன்ஜினும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்கும். இழுக்கலாம், தள்ளலாம். கையால் தூக்கி வைக்கக் கூடாது.

முதலில் மூன்று வேகன் மட்டும் வைத்துப் பழகுங்கள். நீளக் கிளையில் இன்ஜின் பக்கம் இருந்து நெல், தோல், உப்பு என்று நிற்கின்றன. உப்பு முதலில் வர வேண்டும். மூன்றையும் தலைப்பாதைக்கு இழுங்கள். ஒரு குட்டைக் கிளைக்குள் தள்ளி, கடைசியில் உள்ள உப்பை மட்டும் கழற்றி விடுங்கள். நெல்லையும் தோலையும் இழுத்து வந்து இன்னொரு குட்டைக் கிளையில் விடுங்கள். இன்ஜின் மட்டும் போய் உப்பை இழுத்து வரட்டும். அதை நெல், தோல் நிற்கும் கிளைக்குள் தள்ளி மாட்டுங்கள். இப்போது உப்பு, நெல், தோல். புரிந்ததா?

இனி எட்டு பெயர்களையும் சீட்டெழுதிக் குலுக்கி, ஐந்தை ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்த வரிசையில் அந்த ஐந்தும் நீளக் கிளையில் நிற்க வேண்டும். முதல் இடத்துக்கு 8 வேகன்களில் ஒன்று, அடுத்ததற்கு 7, பிறகு 6, 5, 4. பெருக்கினால் 6,720 வரிசைகள்! ஒரு நாளைக்கு ஒன்று போட்டாலும் 18 ஆண்டுக்கு மேல் வரும்.

வரிசை அமைந்துவிட்டதா? நீளக் கிளையின் மறுமுனையில் வேறொரு இன்ஜின் வந்து மாட்டட்டும். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கோலியை வாங்குங்கள். நூலை இழுத்துக் கைகாட்டியை இறக்குங்கள். வண்டி அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனதும் அடுத்த ஐந்து சீட்டை எடுக்கலாம்.